தலையில் கட்டிய துப்பாக்கி

லிஃப்ட்காரர் என்றுதான் அவரை எல்லாரும் சொல்வார்கள். முப்பத்து மூன்று வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. பத்து மாடி, பன்னிரண்டு மாடிக் கட்டிடங்களின் இருட்டுக் குழிக்குள், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு கம்பிவடத்தையும் உருளையையும் பார்க்கிறவர். ஆள் குள்ளம், கை மட்டும் பெரிசு. கீழே நின்று கத்துகிற கட்டிடச் சொந்தக்காரர்களிடம் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் பதிலுக்குக் கத்தியதில்லை. கோபம் வராமல் இல்லை. வந்ததையெல்லாம் மென்று முழுங்கிப் பழகிவிட்டார்.

அப்படி முழுங்கியதில் முக்கால்வாசி, கடந்த நான்கு வருடமாக ஒரே ஆளுக்குச் சேர வேண்டியது. அந்த ஆள் அவருடைய சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பெரியவர். கல்லூரி பிரின்சிபாலாக இருந்து ஓய்வு பெற்று, மூன்று வருடத்துக்கு முன்னால் மகனோடு இருக்கலாம் என்று இந்த ஊருக்கு வந்தவர். ஓய்வு பெற்றாலும் எல்லாருக்கும் அவர் இன்னமும் பிரின்சிபால்தான். நெட்டையான ஆள். எதைச் சொன்னாலும் ஆள்காட்டி விரலை நீட்டித்தான் சொல்வார். காபி எப்படிக் குடிப்பது, செருப்பை எங்கே கழற்றுவது, கல்யாண ஆல்பத்தில் யார் எங்கே நின்றிருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு திருத்தம் இருக்கும். லிஃப்ட்காரர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவியிடம் புலம்புவார். மனைவி ஒரே பதில்தான் வைத்திருந்தாள். பொண்ணு அங்க இருக்கா, வாயை மூடிட்டு இருங்க.

துப்பாக்கி ஆசையும் அந்தப் பிரின்சிபால் மூலமாகத்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் உறுப்பினராக இருக்கும் இலக்குச் சுடும் கிளப்புக்கு லிஃப்ட்காரரை விருந்தாளியாக அழைத்துப் போனார். நீளமான ஒரு கொட்டகை, சிமெண்டுத் தரையில் வரிசையாக ரப்பர் பாய்கள், ஐம்பது மீட்டருக்கு அப்பால் அட்டை இலக்குகள். கிளப்பின் பொதுத் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து, பத்து ரவை சுடச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் பாயில் குப்புறப் படுத்தார். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையைத் தொட்டார். பத்தில் ஏழு கறுப்பு வட்டத்துக்குள் போயிருந்தது.

அது அவருக்குப் பெரிதில்லை. படுத்திருந்த அந்தக் கால் மணி நேரம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் எதையும் திருத்தவில்லை, காதில் மாட்டிய மூடிக்குள் தன் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே முடிச்சு முடிச்சாகக் கிடந்த என்னமோ ஒன்று அவிழ்ந்த மாதிரி இருந்தது. அடுத்த வாரமே உறுப்பினர் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டார். சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்கலாம் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

பிரின்சிபால் விடுவாரா? கடைக்குத் தானும் வருகிறேன் என்றார். வந்தார்.

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். ஒன்று குட்டையானது, புதுசு, மேலே சின்னதாக, குறிபார்க்கிற ஒரு ஸ்கோப். லிஃப்ட்காரர் அதை எடுத்துத் தோளில் வைத்ததும் கன்னம் தானாகத் துப்பாக்கியின் பின்கட்டையில் போய் உட்கார்ந்தது. கண்ணுக்கு நேரே ஸ்கோப். ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை. இதுதான் என்று அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிரின்சிபால் சிரித்தார். "அது சின்னப் பசங்க எடுக்கறது சம்பந்தி. கீழ வைங்க."

பிறகு அவரே நீளமான ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். கனமான கட்டை, உலக்கை மாதிரி ஒரு குழல், அதன்மேல் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்கோப். இருபத்து நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டுமாம், நிலாவில் இருக்கிற பள்ளம்கூடத் தெரியுமாம். ஐம்பது மீட்டரில் இருக்கிற அட்டையைச் சுடுவதற்கு நிலா எதற்கு என்று லிஃப்ட்காரர் நினைத்தார். சொல்லவில்லை. பழசுதான், ஆனால் ஒரே ஒருவர் கையில் இருந்த பொருள், வைத்திருந்தவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தார் என்றார் கடைக்காரர். சொல்லும்போது பிரின்சிபாலின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வையையும் லிஃப்ட்காரர் கவனிக்கத்தான் செய்தார், அர்த்தம்தான் புரியவில்லை.

தோளில் வைத்துப் பார்த்தபோது விசைக்கு விரல் எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. ஸ்கோப்புக்குள் பார்க்கக் கழுத்தை ஆமை மாதிரி முன்னால் நீட்ட வேண்டியிருந்தது. கொஞ்சம் நீளமா இருக்கே என்று மெதுவாக இழுத்தார். பழகினா சரியாயிடும், உடம்பைத்தான் துப்பாக்கிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கணும் என்று பிரின்சிபால் விரலை நீட்டினார். மகளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சரி என்றுவிட்டார்.

உரிமை மாற்றக் காகிதம் காவல்துறை அலுவலகத்திலிருந்து வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை துப்பாக்கி கிளப்பின் இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கும், அங்கேயே எடுத்துச் சுட்டுவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சுட்டார். வாராவாரம் குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின. ஒன்று வட்டத்துக்குள், அடுத்தது மூலையில், அதற்கடுத்தது அட்டையிலேயே இல்லை. ஸ்கோப்புக்குள் பார்த்தால் இலக்கு காற்றில் ஆடுகிற துணி மாதிரி ஆடியது.

சுடும் கொட்டகையின் பொறுப்பில் இருந்த பெண் இரண்டாவது வாரமே வந்து, நான் ஒரு தடவை சுட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாதவள். பக்கத்தில் நின்ற பிரின்சிபால் முந்திக்கொண்டார். எங்க சம்பந்தியை நானே பார்த்துக்கறேன்மா, நீ மத்தவங்களைப் பாரு என்று அனுப்பிவிட்டார். அதன்பிறகு அவள் வரவில்லை.

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: ஒவ்வொரு தடவை அட்டையை எடுத்து வரும்போதும் அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடிப்பார். "கை நடுங்குது சம்பந்தி. வயசாயிடுச்சு, ஒத்துக்கணும்." அடுத்த பாய்க்காரர்கள் சிரிப்பார்கள். மூன்றாவது வாரம் "நடுக்கத்தார்" என்று ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார். லிஃப்ட்காரரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சமையலறை விளக்கின் கீழே கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க நடுங்குகிற மாதிரியே தெரிந்தது.

பிறர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருக்கலாம். ஆனால் அவர் வேலை அப்படி. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்கிறவனுக்குக் கை நடுங்கினால் அது தமாஷ் இல்லை. ஐந்தாவது வாரம், ஒரு பதினோரு மாடிக் கட்டிடத்தில், கூரைமேல் ஏறக் காலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். அப்படி நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கீழே இறங்கி, உடம்பு சரியில்லை என்று சொல்லி, வேறு ஆளை வரவழைத்தார். அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தில், இனிமேல் குழிக்குள் இறங்குகிற வேலை வேண்டாம், கதவு வேலையும் பொத்தான் வேலையும் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஏழாவது வாரம் நரம்பு மருத்துவரிடம் போனார். மருத்துவர் அவரை ஒரு சுருள்கோடு வரையச் சொன்னார், நீட்டிய கையின்மேல் காகிதத்தை வைத்துப் பார்த்தார், மூக்கைத் தொடச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உங்க கைக்கு ஒண்ணுமே இல்ல, இந்த வயசுல எனக்கே இப்படி ஒரு கை இல்ல என்றார்.

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார். கையில் கோளாறு இல்லை என்றால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது. லிஃப்ட் நடுவழியில் நின்றால் அவர் செய்கிற முதல் காரியம், சந்தேகப்படுகிற எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாமல் இருப்பது. ஒன்றை மாற்று, மற்றதை அப்படியே வை, என்ன ஆகிறது பார். இத்தனை வருடம் மோட்டாருக்குச் செய்ததைத் துப்பாக்கிக்குச் செய்ய ஏன் தோன்றவில்லை? தோன்றாததற்குக் காரணம், பக்கத்தில் நின்று ஒருவர் கை கை என்று சொல்லிக்கொண்டே இருந்ததுதான்.

விடுமுறை எடுத்துக்கொண்டு புதன்கிழமை போனார். கிளப்பில் ஆள் இல்லை, பொறுப்பாளர் பெண் மட்டும் இருந்தாள். நான்கு மணல் மூட்டை கேட்டு வாங்கி, துப்பாக்கி இம்மியும் அசையாதபடி அதை மூட்டைகளுக்கு நடுவே பதித்தார். இலக்கின் நடுவைக் குறிவைத்து ஒரு ரவை சுட்டார். பிறகு, குண்டு விழும் இடத்தை ஏற்றி இறக்க ஸ்கோப்பின் மேலிருக்கிற குமிழை இருபது சொடுக்கு மேல்பக்கமாகத் திருகி, அதே நடுவைக் குறிவைத்து இன்னொரு ரவை. குண்டு அதற்குத் தக்கபடி மேலே போனது. பிறகு அதே இருபது சொடுக்கைத் திருப்பித் திருகி, இன்னொன்று. ஒழுங்கான ஸ்கோப்பாக இருந்தால் மூன்றாவது குண்டு முதல் ஓட்டைக்குப் பக்கத்திலேயே விழ வேண்டும். விழவில்லை. மூன்று விரற்கடை தள்ளி விழுந்தது. குமிழைத் தொடாமலே ஐந்து ரவை சுட்டார். ஐந்தும் ஐந்து திசையில் போயின. அடுத்து அந்தப் பெண்ணைச் சுடச் சொன்னார். அவளுக்கும் அதே கதி. ஸ்கோப்பைக் கழற்றிவிட்டுக் கிளப்பின் சாதாரண ஸ்கோப்பை மாட்டியதும் ஐந்து குண்டும் ஒரு நாணயத்துக்குள் அடங்கின.

"உள்ள ஸ்பிரிங் போயிடுச்சு சார்," என்றாள். "இது இன்னிக்கு நேத்து போனதில்ல. வச்சிருந்தவருக்குக் கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும். அதோட இந்தக் கட்டையும் உங்களுக்கு நாலு விரல் நீளம். உங்களுக்கு யார் இதைத் தேர்ந்தெடுத்தது?"

அவர் சோதித்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவளிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை தபாலில் காகிதம் வந்தது. துப்பாக்கியின் எண், குழலின் எண், இப்போதைய உரிமையாளர், அதற்குக் கீழே முந்தைய உரிமையாளர். முந்தைய உரிமையாளர் என்ற இடத்தில் பிரின்சிபாலின் முழுப்பெயர், பட்டங்களோடு, முந்தைய ஊரின் விலாசத்தோடு இருந்தது.

லிஃப்ட்காரர் அந்த வரியை மூன்று தடவை படித்தார். தன்னால் வைத்துக்கொள்ள முடியாததைக் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கூடவே வந்து நின்று, தன் தலையில் கட்டியிருக்கிறார் மனுஷன். அதுகூடப் போகட்டும். ஸ்கோப் ஒரு நிலையில் நிற்காது என்று தெரிந்துகொண்டே, அட்டையைத் தூக்கிக் காட்டி, கை நடுங்குகிறது என்று எட்டு வாரம் சொல்லியிருக்கிறார். லிஃப்ட்காரருக்குக் காது இரண்டும் சூடேறியது. கையிலிருந்த காகிதம் படபடத்தது. இப்போது உண்மையாகவே கை நடுங்கியது.

மனைவியிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு மடித்து, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். பொண்ணு அங்க இருக்கா என்றாள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று அவளிடம் சண்டை போட்டார். வாசலில் வண்டியை நிறுத்திய பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டை போட்டார். தொலைக்காட்சியில் செய்தி படிக்கிறவரைக்கூடத் திட்டினார். போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகவில்லை.

அன்று மாலை மகள் வந்தாள். நான்கு நாளாக மாமனார், உங்க அப்பாவுக்குக் காகிதம் வந்துடுச்சா, வந்துடுச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அவருக்கென்ன அவ்வளவு அவசரம் என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் வரலம்மா என்று லிஃப்ட்காரர் சொல்லிப் பார்த்தார். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், நேரே அலமாரிக்குப் போனாள்.

படித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் முகமும் சிவந்திருந்தது. மாமா ரூமில் ஒரு நீளப் பெட்டி இருந்தது, கொஞ்ச நாளாகக் காணோம், இதுதானா அது என்றாள். அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள், நீ அங்க இருக்கற இல்ல, அதனாலதான் அப்பா பேசாம இருக்கார் என்று. மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"என் பேரைச் சொல்லாதீங்கப்பா. நான் அந்த வீட்டுல தினமும் அவர்கிட்ட பேசிட்டுதான் இருக்கேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுதான் இருக்கேன். அவர் வந்த மூணு வருஷத்துல ஒண்ணும் குடி முழுகிடல. நீங்க பயந்துட்டு, அதுக்கு என் பேரை வச்சிருக்கீங்க."

லிஃப்ட்காரருக்கு அவள்மேலும் கோபம் வந்தது. உனக்காக நான் எவ்வளவு பொறுத்திருக்கேன் தெரியுமா என்று குரலை உயர்த்தினார். "நான் பொறுக்கச் சொன்னேனா?" என்றாள் அவள்.  மகள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். போன பிறகு வெகுநேரம் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். யோசிக்க யோசிக்க, அவள் சொன்னது ஒவ்வொன்றும் போய்ச் சரியான இடத்தில் குத்தியது.

மறுநாள் ஞாயிறு. பிரின்சிபால் முன்னாலேயே வந்து, தன் பாயை விரித்து, யாரோ ஒரு புது உறுப்பினருக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் அலமாரியிலிருந்து எதையும் எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, அவர் முன்னால் நீட்டினார்.

"இது உங்க துப்பாக்கி சம்பந்தி."

பிரின்சிபால் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "என்னுதா இருந்தது. இப்ப உங்களுது. நான் கடையில குடுத்தேன், நீங்க வாங்கினீங்க. இதுல என்ன தப்பு?"

"ஸ்கோப் நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பிரின்சிபால் தொண்டையைச் செருமினார். புது உறுப்பினரை ஒரு தரம் பார்த்தார். "கொஞ்சம் விளையாடும். பழகறவருக்கு அது போதும். நீங்க என்ன, போட்டிக்கா போகப்போறீங்க? உங்களுக்கு எதுக்கு அதைவிட நல்லது?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் லிஃப்ட்காரர் காத்திருந்தார் போல. நான்கு வருடமாக அவர் காதில் விழுந்த அத்தனை திருத்தங்களுக்கும் அடியில் கிடந்தது இதுதான். உங்களுக்கு எதுக்கு அதைவிட நல்லது.

"துப்பாக்கியை விடுங்க," என்றார். குரல் உயரவில்லை, ஆனால் கொட்டகை முழுக்கக் கேட்டது. "என் கை நடுங்குதுன்னு சொன்னீங்களே. எட்டு வாரம் சொன்னீங்க. ஆடறது ஸ்கோப்புன்னு தெரிஞ்சே சொன்னீங்க. அதை நம்பி, முப்பத்து மூணு வருஷம் நின்ன இடத்துல நிக்கப் பயந்து நான் கீழ இறங்கிட்டேன். வேலையை விட்டுக் குடுத்துட்டேன். டாக்டர்கிட்ட போய்க் கையை நீட்டிட்டு உக்காந்திருந்தேன். 'ஸ்கோப்பைக் கொஞ்சம் பாருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரல. 'நடுக்கத்தார்'னு சொல்ல மட்டும் வந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பிரின்சிபாலின் விரல் பாதி எழும்பி நின்றது. "நாலு பேர் முன்னால இப்படிப் பேசறது நல்லாயில்ல. நம்ம உறவு என்னன்னு யோசிச்சுப் பேசுங்க."

"நாலு வருஷமா அதை மட்டும்தான் யோசிச்சேன். அட்டையைத் தூக்கிக் காட்டினப்ப நீங்க யோசிச்சீங்களா?"

பொறுப்பாளர் பெண் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். இன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் குண்டு கிடையாது, கோபமா இருக்கறவங்களுக்குக் குடுக்கறதில்ல, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க என்றாள். பிரின்சிபால் பாயைச் சுருட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

கடைக்காரர் முதலில் முரண்டு பிடித்தார். பொறுப்பாளர் பெண், சோதித்த அட்டைகளை எடுத்துக்கொண்டு தானே கடைக்கு வந்து, இதைக் கிளப் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டுமா என்று கேட்டதும் வழிக்கு வந்தார். நீளத் துப்பாக்கியையும் ஸ்கோப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை லிஃப்ட்காரர் கடையில் இரண்டு மணி நேரம் நின்றார். முதல் நாள் கன்னம் போய் உட்கார்ந்த அந்தக் குட்டைத் துப்பாக்கி விற்றுப்போயிருந்தது. வேறு ஐந்தைத் தோளில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடித் தோளில் வைப்பார், பிறகு திறப்பார். கண் எதையும் தேடாமல் ஸ்கோப்புக்கு நேராக இருந்தால்தான் அது தனியாக ஒதுக்கி வைக்கப்படும், இல்லாவிட்டால் மேசைக்குத் திரும்பிவிடும். ஸ்கோப்பிலும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பத்து மடங்கு காட்டினால் போதும், ஆனால் குமிழ் திருகின இடத்திலிருந்து திரும்பி வர வேண்டும். கடையின் பின்னால் இருந்த சுடும் அறையில் நான்கு ஸ்கோப்பை மாட்டிச் சோதித்து, மூன்றை நிராகரித்தார். கடைக்காரர் பெருமூச்சு விட்டார். விடட்டும் என்று இருந்தது லிஃப்ட்காரருக்கு.

அலுவலகத்தில் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்கு மூன்று வாரம் இழுத்தடித்தார்கள், அதிலும் அவர் இரண்டு தடவை குரலை உயர்த்த வேண்டியிருந்தது. ஒருமுறை உயர்த்திப் பழகிவிட்டால் அவ்வளவு கஷ்டமில்லை என்று கண்டுகொண்டார். மனைவி பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் வீட்டில் பிரின்சிபால் ஒரு வாரம் தன் அறையிலேயே சாப்பிட்டாராம். பிறகு பசி பொறுக்காமலோ, தனியாகப் பேச ஆள் இல்லாமலோ, வெளியே வந்துவிட்டாராம். மகள் இதைத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், தீரவில்லை என்பதுதான் உண்மை. புதுத் துப்பாக்கியோடு போன முதல் ஞாயிறு, மூன்று பாய் தள்ளி அந்த நெட்டை உருவத்தைப் பார்த்ததுமே மூச்சு தாறுமாறாகி, பத்தில் நான்குதான் வட்டத்துக்குள் போயிற்று. அடுத்த வாரம் ஆறு. அதற்கடுத்த வாரம் எட்டு.

அந்த எட்டு விழுந்த அன்று பொறுப்பாளர் பெண் தயங்கிக்கொண்டே வந்தாள். பிரின்சிபால் புதிதாக ஒரு ஸ்கோப் வாங்கியிருக்கிறாராம். அது சரியாக இருக்கிறதா என்று உங்களிடம் பார்க்கச் சொல்லலாமா என்று தன்னிடம் கேட்டாராம்.

லிஃப்ட்காரர் மூன்று பாய் தள்ளிப் பார்த்தார். பிரின்சிபால் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியாதும்மா," என்றார். "எப்படிப் பார்க்கணும்னு எழுதித் தரேன். படிச்சவர்தானே, அவரே பார்த்துக்கட்டும்."

சுட்ட அட்டை ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினார். மணல் மூட்டை, இருபது சொடுக்கு மேலே, இருபது சொடுக்கு கீழே, ஓட்டை எங்கே விழுகிறது பார்க்கவும். அதற்குமேல் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவளிடம் கொடுத்துவிட்டு, காதில் மூடியை மாட்டிக்கொண்டு, பாயில் படுத்தார்.